ஸ்லெட்ஜிங்: இரண்டு பந்துகளுக்கு நடுவே நடக்கும் வாய்ச்சண்டை

டெஸ்ட் மேட்ச் பார்க்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். பவுலர் பந்தை வீசிவிட்டார், பேட்ஸ்மேன் தடுத்தும் விட்டார். பவுலர் திரும்பிப் போகாமல் பிட்ச்சின் பாதி வரை வந்து நின்று ஏதோ சொல்கிறார். ஸ்லிப்பில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். விக்கெட் கீப்பர் கையுறையைத் தட்டிக்கொண்டே தன் பங்குக்கு ஒன்று எடுத்துவிடுகிறார். பேட்ஸ்மேனோ காதிலேயே விழாததுபோல் மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறார். வர்ணனையாளர், “அங்கே கொஞ்சம் பேச்சு வார்த்தை நடக்கிறது” என்று நாசூக்காகச் சொல்லிவிட்டு ஸ்கோருக்குப் போய்விடுவார்.

அந்தப் பேச்சு வார்த்தைக்குத்தான் ஸ்லெட்ஜிங் என்று பெயர். எதிரணிக்காரரின் கவனத்தைக் கலைக்க, கோபமூட்ட, அவருக்குத் தன்மேல் இருக்கும் நம்பிக்கையை ஆட்டிப் பார்க்க, அவர் காதுபட வேண்டுமென்றே பேசுவது. கேட்சை விட்ட எரிச்சலில் ஒருவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டால் அது ஸ்லெட்ஜிங் ஆகாது. ரசிகர்கள் கேலரியிலிருந்து கத்துவதும் ஆகாது. அதற்கு ஆஸ்திரேலியாவில் பாரக்கிங் என்று வேறு பெயர் இருக்கிறது. அந்தக் கலையில் பேர்போனவர் சிட்னியில் முயல் விற்றுப் பிழைத்த ஸ்டீபன் கேஸ்காய்ன். யாப்பா என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். 1932-33 பாடிலைன் தொடரில் இங்கிலாந்து கேப்டன் ஜார்டைன் முகத்தில் மொய்த்த ஈக்களை விரட்டியபோது, “எங்கள் ஊர் ஈக்களை விட்டுவிடு ஜார்டைன், இங்கே உனக்கு இருக்கும் நண்பர்கள் அவை மட்டும்தான்” என்று அவர் கத்தியதாகச் சொல்வார்கள். சிட்னி மைதானத்தில் யாப்பாவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். மைதானத்துக்குள் நின்று பேசியவர்களில் யாருக்கும் அதற்காகச் சிலை வைத்ததாகத் தெரியவில்லை.

சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவின் முன்னாள் கேப்டன் இயன் சேப்பல் சொல்லும் கதைதான் அதிகம் பேசப்படுவது. இடம் அடிலெய்டு. காலம் 1963-64 அல்லது 1964-65 ஷெஃபீல்டு ஷீல்டு சீசன். அதாவது அந்த நாட்டு மாநில அணிகளுக்கு இடையிலான போட்டி, நம் ரஞ்சி டிராபி மாதிரி. அங்கே ஒரு பெண் இருக்கும்போதே ஓர் ஆட்டக்காரர் கெட்ட வார்த்தை ஒன்றை உதிர்த்துவிட்டார். கூட இருந்தவர்கள், “ஆகா, சம்மட்டி அடி மாதிரி என்ன ஒரு நாசூக்கு!” என்று அவரை ஓட்டினார்கள். சம்மட்டிக்கு ஆங்கிலத்தில் ஸ்லெட்ஜ்ஹேமர். அதன் முன்பாதி அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அப்புறம் எதிராளியை வாய்க்கு வந்தபடி பேசுகிற பழக்கத்துக்கே அது பெயராகிவிட்டது.

இன்னொரு கதையும் உண்டு. அதன் மையத்தில் இருப்பவர் கிரஹாம் கார்லிங். அறுபதுகளில் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பந்து வீசியவர். உள்ளூர் ஆட்டம் ஒன்றில் களமிறங்கிய பேட்ஸ்மேனின் மனைவிக்கும் அவருடைய சக வீரர் ஒருவருக்கும் தொடர்பு என்று கிசுகிசு. அவர் மட்டையோடு உள்ளே வந்ததும் ஃபீல்டிங் அணியினர் ஒரு காதல் பாட்டைப் பாட ஆரம்பித்தார்களாம். அமெரிக்கப் பாடகர் பெர்சி ஸ்லெட்ஜ் பாடி உலகமெங்கும் ஓடிய பாட்டு அது. பாடகரின் பெயரே வசவுக்குப் பெயராயிற்று என்கிறது இந்தக் கதை.

சுவையான கதைதான். ஆனால் அந்தப் பாட்டு வெளிவந்தது 1966-இல். சேப்பல் சொல்லும் காலம் அதற்கு ஓரிரண்டு வருடம் முந்தையது. சேப்பல் சொல்லும் காலம் சரியென்றால், பாட்டு பிறப்பதற்கு முன்பே அதிலிருந்து பெயர் பிறந்திருக்க முடியாது. இரண்டு கதையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இது: முதலில் சம்மட்டி வந்திருக்க வேண்டும். பாட்டு ஹிட்டான பிறகு அதே பெயருள்ள பாடகரையும் யாரோ உள்ளே இழுத்துவிட்டிருக்க வேண்டும். டிரெஸ்ஸிங் ரூம் பட்டப்பெயர்கள் எல்லா ஊரிலும் இப்படித்தான் கை காலெல்லாம் வளர்ந்து நிற்கும்.

எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் ஒன்று பொது. பெயர் பிறந்ததே நாகரிகக் குறைவைக் கிண்டல் செய்யத்தான். ‘நயமாகப் பேசத் தெரியாதவன்’ என்பதுதான் முதல் பொருள். இன்று ஸ்லெட்ஜிங் என்றால் பலருக்கும் சாமர்த்தியமான பதிலடிகளின் தொகுப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது. அது பிற்பாடு பூசப்பட்ட வர்ணம். எழுபதுகளில், சேப்பலின் அணி உலகத்தை மிரட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஆட்டக்காரர்களின் அறைக்குள் கிடந்த இந்தச் சொல் பத்திரிகைகளுக்கு வந்தது. பிறகு கிரிக்கெட்டைத் தாண்டி மற்ற விளையாட்டுகளுக்கும் அரசியலுக்கும் பரவியது. தென்னாப்பிரிக்கர்கள் இதையே சர்ப்பிங் என்பார்கள், குருவி கீச்சிடுவது என்ற பொருளில். அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு டிராஷ் டாக் என்றால்தான் புரியும்.

இனி, இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் சண்டைக் கதையாகத்தான் தெரியும்.

டெஸ்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர். அதாவது 540 பந்துகள், ஆறு மணி நேரத்தில். சராசரியாகப் பந்துக்கு 40 விநாடி. ஆனால் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பவுலரின் கையை விட்டு பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிகூட எடுத்துக்கொள்வதில்லை. அடித்து, ஓடி, பந்து திரும்பி வருவதையெல்லாம் சேர்த்தாலும் உண்மையான ஆட்டம் சில விநாடிகள்தான். மீதி நேரம் முழுக்க பேட்ஸ்மேன் சும்மா நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் நாள் முழுக்க நிற்கிறாரா, நாற்பதில் அவுட் ஆகிறாரா என்பதைப் பாதி தீர்மானிக்கும். ஆறு மணி நேரம் இழுத்துப் பிடித்துக் கவனம் செலுத்த யாராலும் முடியாது. அதனால் நல்ல பேட்ஸ்மேன்கள் பந்து முடிந்ததும் மனத்தை அணைத்துவிட்டு, பவுலர் ஓட ஆரம்பிக்கும்போது மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். சிலர் ஸ்கொயர் லெக் பக்கம் நடந்துவிட்டு வருவார்கள். சிலர் கையுறையைக் கழற்றி மாட்டுவார்கள். ஸ்லெட்ஜிங் குறி வைப்பது இந்த ஓய்வு நேரத்தைத்தான்.

கெட்டிக்காரக் கீப்பர் பேட்ஸ்மேனைத் திட்டவே மாட்டார். பேட்ஸ்மேனிடம் பேசக்கூட மாட்டார். பக்கத்தில் நிற்கும் முதல் ஸ்லிப்பிடம், “பாரேன், போன மேட்ச்சில் முன்னங்காலை நன்றாக நீட்டினானே, இன்றைக்கு என்ன ஆச்சு?” என்பார். அவ்வளவுதான். பேட்ஸ்மேனின் கால் அதுவரை தானாக நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது அவர் அதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்கிறார். தானாக நடக்கிற ஒன்றை யோசித்துச் செய்ய ஆரம்பித்தால் அது தடுக்கும். புதிதாக வந்த பையன் என்றால், “இது உன் கடைசி டெஸ்டா இருந்தால் என்ன செய்வாய்?” என்கிற மாதிரி ஒன்று. அணியில் இடம் ஆடிக்கொண்டிருப்பவரிடம், வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரரைப் புகழ்ந்து ஒன்று. குறி எப்போதும், அவர் ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான். இப்படி எதிரணியை உள்ளுக்குள்ளேயே நொறுக்குவதற்கு ஸ்டீவ் வாவின் ஆஸ்திரேலிய அணி ‘மனச் சிதைப்பு’ என்று பொருள்படும் ஒரு பெயரையே வைத்திருந்தது. கேட்க ஏதோ மருத்துவப் புத்தகத்துச் சொல் மாதிரி இருக்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அதே பழைய வசவுதான்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பேசுகிறவருக்கும் கவனம் ஒன்றுதான் இருக்கிறது. அதில் பாதியை வாய்க்குக் கொடுத்தால் கைக்குப் பாதிதான் மிஞ்சும். இதற்கு 2021 ஜனவரி 11-ஐ விட நல்ல பாடம் கிடையாது. ஸ்டம்புக்குள் பொருத்தியிருக்கும் ஸ்டம்ப் மைக் புண்ணியத்தில் அன்றைய பேச்சு கிட்டத்தட்ட முழுசாகவே உலகத்துக்குக் கேட்டது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிட்னி, மூன்றாவது டெஸ்டின் கடைசி நாள். இந்தியாவுக்கு இலக்கு 407. ரிஷப் பந்த் 97 ரன்னும் புஜாரா 77 ரன்னும் எடுத்து அவுட்டான பிறகு வெற்றி பற்றிய பேச்சு போய், தோற்காமல் தப்பிப்பார்களா என்ற நிலை. களத்தில் இருவர். ஹனுமா விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்திருக்கிறது, ஓட முடியாது. நம் சென்னை அஸ்வினுக்கு முதுகுவலி, குனிய முடியாது. இவர்களுக்கு அப்புறம் வரவேண்டிய ஜடேஜாவுக்குக் கட்டைவிரல் உடைந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு ஒரு விக்கெட் விழுந்தால் போதும், மீதியைச் சுருட்டிவிடலாம். அந்த ஒன்றுதான் விழவில்லை. ஓவர் மேல் ஓவராக இருவரும் கட்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் நின்ற கேப்டன் டிம் பெய்னுக்குப் பொறுமை கரைந்தது.

அடுத்த டெஸ்ட் பிரிஸ்பேனில், காபா மைதானத்தில். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்காத இடம். பெய்ன் அதைத்தான் எடுத்தார். “உன்னைக் காபாவுக்குக் கூட்டிக்கொண்டு போகக் காத்திருக்க முடியவில்லை, ஆஷ்.” அஸ்வின் உடனே, “உன்னை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு வரவும் நாங்கள் காத்திருக்கிறோம். அதுதான் உன் கடைசித் தொடராக இருக்கும்” என்றார். இது வரைக்கும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. இரண்டு பக்கமும் சமம், சொல்லப்போனால் அஸ்வினுக்குத்தான் ஒரு புள்ளி கூட. பெய்ன் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் அணிக்காரர்களுக்காவது என்னைப் பிடிக்கும் என்றார், ஒரு கெட்ட வார்த்தையைச் சேர்த்து. உன் அணிக்காரர்களே உன்னைக் கிறுக்கனாகத்தான் நினைக்கிறார்கள் என்ற அளவுக்குப் போனார். ஐபிஎல் அணிகளையும் விடவில்லை.

கவனித்துப் பார்த்தால், பதில் வந்த பிறகு பெய்னின் பேச்சில் தந்திரம் எதுவும் மிஞ்சவில்லை. கோபம்தான் இருந்தது. அஸ்வினின் தலைக்குள் நுழையப் பார்த்தவர், தன் தலையைத் திறந்து வைத்துவிட்டார். அதன் பிறகு மிட்சல் ஸ்டார்க் பந்தில் விஹாரியின் மட்டை விளிம்பில் பட்டு வந்த கேட்சைப் பெய்ன் கோட்டை விட்டார். அதே நாளில் ரிஷப் பந்த் கொடுத்த இரண்டு கேட்சையும் விட்டிருந்தார். ஆட்டம் டிரா. இந்தியா 5 விக்கெட்டுக்கு 334. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இருவரும் அவுட் இல்லை.

மறுநாள் பெய்ன் தானாகவே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். வாயைத் திறந்தேன், பிறகு கேட்சை விட்டேன், கடைசியில் நான்தான் முட்டாளாகத் தெரிந்தேன் என்கிற மாதிரி அவரே ஒப்புக்கொண்டார். அது பெரிய மனசு, மறுக்க முடியாது. காபாவில் என்ன நடந்தது என்பது தெரிந்ததுதான். காயத்தால் அஸ்வின் ஆடவில்லை. அவர் இடத்தில் அறிமுகமானவர் சென்னையின் இன்னொரு ஆஃப் ஸ்பின்னர், வாஷிங்டன் சுந்தர். முதல் இன்னிங்ஸில் 62 ரன் அடித்தார். சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டியிலிருந்து போன நடராஜனுக்கும் அதுதான் முதல் டெஸ்ட். ஜனவரி 19 அன்று 328 ரன் இலக்கை மூன்று விக்கெட் மிச்சம் வைத்து இந்தியா எட்டியது. அதே ஆண்டு நவம்பரில் பெய்ன் வேறு ஒரு காரணத்துக்காகக் கேப்டன் பதவியை விட்டு விலகினார். அஸ்வின் அழைத்த இந்தியத் தொடருக்கு அவர் வரவே இல்லை.

அன்றைக்கு மைக் இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதை இன்னும் பத்து வருடத்தில் எப்படி ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அஸ்வினின் பதில் இன்னும் கூர்மையாகியிருக்கும், அடுத்த பந்திலேயே கேட்ச் விழுந்ததாகியிருக்கும், பெய்ன் வாயடைத்து நின்றதாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘புகழ்பெற்ற ஸ்லெட்ஜிங்’ பட்டியல்களை நான் பெரிதாக நம்பாததற்கு இதுதான் காரணம். ஒரே வசனம் மூன்று வெவ்வேறு ஆட்டக்காரர்கள் பெயரில் வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

எல்லாருக்கும் தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 1999 உலகக் கோப்பை, லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானம், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான சூப்பர் சிக்ஸ் ஆட்டம். ஸ்டீவ் வா 56-இல் இருந்தபோது கொடுத்த சுலபமான கேட்சை ஹெர்ஷல் கிப்ஸ் பிடித்தார். ஆனால் கொண்டாடுவதற்காகப் பந்தை மேலே எறியப்போய்க் கீழே நழுவவிட்டார். வா 120 ரன்னோடு கடைசி வரை நின்று ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். “நீ நழுவவிட்டது உலகக் கோப்பையை, தம்பி” என்று அவர் கிப்ஸிடம் சொன்னதாக உலகம் இன்றும் பேசிக்கொள்கிறது. அந்தக் கோப்பையை ஆஸ்திரேலியா வென்றும்விட்டதால் வசனம் இன்னும் பொருந்திவிட்டது. அப்படிச் சொல்லவில்லை என்று வாவே மறுத்திருக்கிறார். அவர் சொன்னது இவ்வளவு அழகானதல்ல. ஆனால் ஊர் அழகானதைத்தான் வைத்துக்கொண்டது.

மைக் உண்மையாகவே பிடித்தவற்றைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். 1996 ஜனவரி, சிட்னி, முத்தரப்புத் தொடரின் இறுதி ஆட்டம். இலங்கைக் கேப்டன் அர்ஜுன ரணதுங்க தசைப்பிடிப்பு என்று சொல்லி, தனக்குப் பதிலாக ஓட ஓர் ஆளை, அதாவது ரன்னர் கேட்டார். கீப்பர் இயன் ஹீலி, கொழுத்துப்போய் உடம்பைப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதற்கெல்லாம் ரன்னர் தரமாட்டார்கள் என்ற பொருளில் ஒன்று சொல்லி, கடைசியில் அச்சிட முடியாத ஒரு சொல்லால் முடித்தார். தொலைக்காட்சியில் கேட்டது. இதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? தடித்தவனைத் தடியன் என்பது பள்ளிக்கூட மைதானத்திலேயே தீர்ந்துபோன சரக்கு. மார்ச் 17 அன்று லாகூரில் அதே ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து இலங்கை உலகக் கோப்பையை வாங்கியது. வெற்றி ரன்னை அடித்தவர் ரணதுங்க, 47 ரன்னோடு அவுட்டாகாமல்.

இவ்வளவு பேசினால் எல்லைக்கோடு பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆஸ்திரேலியர்கள் அடிக்கடி சொல்வது: நாங்கள் கடுமையாக ஆடுவோம், ஆனால் கோட்டைத் தாண்ட மாட்டோம். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிக்கல் ஆரம்பிக்கும், ஏனென்றால் கோட்டை வரைகிறவரும் அவர்கள்தான். 2003 மே மாதம், ஆன்டிகுவா. ஆஸ்திரேலியாவின் கிளென் மெக்ராத், வெஸ்ட் இண்டீஸின் ராம்நரேஷ் சர்வானிடம் ஆபாசமான கேள்வி ஒன்றைக் கேட்டார். சர்வான் அதே தரத்தில், மெக்ராத்தின் மனைவியை இழுத்துப் பதில் சொன்னார். மெக்ராத் கொதித்தெழுந்து விரலை நீட்டிக்கொண்டு பாய்ந்தார். அவருடைய மனைவி ஜேன் அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். சர்வானுக்கு அது ஞாபகத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். மெக்ராத்தின் வலி நியாயமானது. ஆனால் கேள்வியை ஆரம்பித்தவர் அவர்தான். பதில் எங்கே போய் விழும் என்பது ஆரம்பித்தவர் கையில் இல்லை. சர்வான் 105 அடித்தார், வெஸ்ட் இண்டீஸ் 418 ரன்னைத் துரத்தி ஜெயித்தது. டெஸ்ட் கிரிக்கெட்டில் துரத்தி எடுத்த மிகப் பெரிய இலக்கு இன்றும் அதுதான்.

நம்மவர்களும் அமைதியாகப் போனதில்லை. 1981 பிப்ரவரியில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவின் லில்லி வீசிய பந்தில் எல்பிடபிள்யூ கொடுக்கப்பட்டதும் கவாஸ்கர், எதிர்முனையில் நின்ற சேத்தன் சவுகானையும் இழுத்துக்கொண்டு மைதானத்தை விட்டே நடந்தார். எல்லைக் கோட்டருகே அணி மேலாளர் வந்து சவுகானைத் திருப்பி அனுப்பியதால் ஆட்டம் பிழைத்தது. நடுவரின் தீர்ப்புதான் காரணம் என்று வெகுகாலம் எல்லாரும் நினைத்திருந்தார்கள். திரும்பிப் போகும்போது ஆஸ்திரேலியர்கள் ‘ஓடிப் போ’ என்கிற மாதிரி விரட்டியதுதான் தன்னை உசுப்பிவிட்டது என்று கவாஸ்கரே பிற்காலத்தில் சொன்னார். அந்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவைக் கபில் தேவ் 83 ரன்னுக்குச் சுருட்ட உதவினார், இந்தியா 59 ரன்னில் ஜெயித்தது.

ஆனால் இந்த விஷயத்தில் உண்மையான கலவரம் 2008 ஜனவரி, மறுபடியும் சிட்னி. டெண்டுல்கரும் ஹர்பஜனும் எட்டாவது விக்கெட்டுக்கு 129 ரன் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹர்பஜன் பிரெட் லீயை மட்டையால் செல்லமாகத் தட்டினார். ஆண்ட்ரூ சைமண்ட்ஸுக்கு அது பிடிக்கவில்லை, வார்த்தை தடித்தது. ஹர்பஜன் தன்னைக் குரங்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அழைத்ததாகச் சைமண்ட்ஸ் தரப்பு சொன்னது. இது வெறும் வசவு அல்ல. கரீபிய வம்சாவழியான சைமண்ட்ஸை நோக்கி அதற்குச் சில மாதம் முன்பு இந்திய மைதானங்களில் ரசிகர்கள் குரங்குச் சத்தம் எழுப்பியிருந்தார்கள். அந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் அந்தச் சொல்லை எடை போட வேண்டும். மேட்ச் ரெஃப்ரி மைக் புரோக்டர் ஹர்பஜனுக்கு மூன்று டெஸ்ட் தடை விதித்தார். இந்திய அணி தொடரையே விட்டுப் போய்விடுமோ என்ற நிலை வந்தது.

மேல்முறையீட்டை விசாரித்தவர் நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன். மைக்கில் பேச்சு கொஞ்சம் பதிந்திருந்தது, ஆனால் பிரச்சினைக்குரிய அந்த ஒரு சொல் பதியவில்லை. அருகில் நின்ற டெண்டுல்கர், தான் கேட்டது தாயை இழுக்கும் ஓர் இந்தி வசவு என்றார். அதன் கடைசி இரண்டு எழுத்துகள் ஆங்கிலக் காதுக்கு அந்த மிருகத்தின் பெயராகக் கேட்டிருக்கலாம் என்பது வாதம். இனவெறிக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று தடை நீக்கப்பட்டது. கெட்ட வார்த்தை பேசியதற்காகச் சம்பளத்தில் பாதி அபராதம். தாயைத் திட்டினேன் என்பது ஒருவருக்குத் தற்காப்பு வாதமாக அமைந்த விசித்திரம் வேறெங்கும் நடந்திருக்குமா தெரியாது.

பதினொரு வருடம் கழித்து மைக் எவ்வளவு கூர்மையாகியிருந்தது என்பதைப் பாகிஸ்தான் கேப்டன் சர்ஃப்ராஸ் அகமது தெரிந்துகொண்டார். 2019 ஜனவரியில் டர்பனில், தென்னாப்பிரிக்காவின் ஃபெலுக்வாயோவின் நிறத்தைச் சொல்லி உருதுவில் பேசினார். எதிராளிக்கு உருது புரியாது. உலகமெங்கும் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்தது. நான்கு ஆட்டம் தடை. எதிராளிக்குத் தெரியாத மொழியில் பேசினால் தப்பிவிடலாம் என்ற காலம் அத்தோடு முடிந்தது. தமிழில் பேசினாலும் இதே கதிதான்.

இதற்கெல்லாம் நடுவே, கேட்க இதமாக இருந்த ஸ்லெட்ஜிங்கும் உண்டு. அதிலும் நாயகன் பெய்ன்தான். 2018 டிசம்பர், மெல்போர்ன். பேட் செய்துகொண்டிருந்த ரிஷப் பந்திடம் பின்னாலிருந்து பேசிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அணிக்குப் பெரியவர் தோனி திரும்பிவிட்டார், உனக்குத்தான் வேலை இல்லையே, ஹோபார்ட் அணிக்கு ஆட வருகிறாயா, அங்கே நல்ல வீடு பார்த்துத் தருகிறேன், நானும் என் மனைவியும் சினிமாவுக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாயா என்று. யார் மனத்தையும் கிழிக்காமல், ரிஷப் பந்தின் நிஜமான கவலையை, தோனியின் நிழலை, சரியாகத் தொட்ட பேச்சு. ரிஷப் பந்தும் தன் முறை வந்தபோது பெய்னைத் ‘தற்காலிகக் கேப்டன்’ என்று கூப்பிட்டுக் கடனைத் தீர்த்தார். புத்தாண்டு அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் கொடுத்த வரவேற்பில் பெய்னின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்த் நிற்கும் படம் வெளிவந்தது. சிறந்த ஆயா என்று பெய்னின் மனைவி பாராட்டியிருந்தார்.

கடைசியாக விதிகள். பேசுவதே தவறு என்று கிரிக்கெட் விதிகள் சொல்வதில்லை. ஆனால் பேட்ஸ்மேன் பந்தை எதிர்கொள்ளத் தயாராகும்போதோ எதிர்கொள்ளும்போதோ வேண்டுமென்றே கவனத்தைக் கலைத்தால் ஐந்து ரன் தண்டனை, அந்தப் பந்தும் கணக்கில் சேராது. பவுலர் ஓட ஆரம்பித்ததும் எல்லாருடைய வாயும் மூடிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். மற்ற நேரத்துப் பேச்சு ஐசிசி நடத்தை விதிகளுக்குக் கீழே வரும். தனிமனித வசவு, அவுட்டானவரைச் சீண்டி வழியனுப்புவது, இரண்டும் குற்றம். சின்னக் குற்றம் என்றால் எச்சரிக்கையில் ஆரம்பித்துச் சம்பளத்தில் பாதி வரை அபராதம். 2016 முதல் இதோடு டீமெரிட் புள்ளிகளும், அதாவது தவறுக்குக் கணக்கு வைக்கும் புள்ளிகளும், சேர்ந்துகொண்டன. 24 மாதத்துக்குள் நான்கு புள்ளி சேர்ந்தால் அந்த ஆட்டக்காரர் தடைபட்டு வெளியே உட்கார வேண்டிவரும். இனம், நிறம், மதம் சார்ந்த பேச்சுக்கு ஐசிசியில் தனி விதித்தொகுப்பே இருக்கிறது. சர்ஃப்ராஸ் மாட்டியது அதில்தான்.

நடைமுறையில் நடுவர்கள் பாதிக்கு மேல் கண்டுகொள்வதில்லை. மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் கேமராவுக்குத் தெரியும்படி சைகை காட்டியவர்கள். 2024 டிசம்பரில் அடிலெய்டில் 140 ரன் அடித்த டிராவிஸ் ஹெட்டைப் போல்டாக்கிவிட்டு, முகமது சிராஜ் கையை நீட்டிப் போ என்று காட்டினார். ‘நல்ல பந்து’ என்றுதான் சொன்னேன் என்றார் ஹெட். அப்படிச் சொல்லவே இல்லை, பொய் என்றார் சிராஜ். சிராஜுக்குச் சம்பளத்தில் 20 சதவீதம் அபராதம், ஹெட்டுக்கு அபராதம் இல்லை, இருவருக்கும் ஆளுக்கொரு டீமெரிட் புள்ளி. அடுத்த ஆண்டு ஜூலையில் லார்ட்ஸில் இங்கிலாந்தின் பென் டக்கெட்டை அவுட்டாக்கியதும் சிராஜ் மறுபடியும் முகத்துக்கு நேரே போய்க் கத்தினார். இந்த முறை 15 சதவீதம், இன்னொரு புள்ளி.